நாற்பது பேர் முன்னால் சொன்னது

தேயிலைத் தோட்டம், கீழ்லயம்,
கேமரன் மலை.
9 செப்டம்பர் 2024

அன்புள்ள தாஹிராவுக்கு,

நவமணி டீச்சர் எழுதுகிறேன். இந்தக் காகிதம் கீரைக் கூடைக்கு அடியிலிருந்து உங்கள் கைக்கு வந்திருக்கும். நாகப்பனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். காலையில் உங்கள் சாப்பாட்டுக் கடைக்குக் காய்கறி இறக்கும்போது இதையும் கொடுத்துவிடு என்று நான்தான் கெஞ்சினேன். வாட்சாப்பில் எழுதியிருக்கலாம். அதில் எழுதுவது எத்தனை பேர் கைக்குப் போகும் என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

பதினாறு வருஷமாக நாம் பேசவில்லை. நலம் விசாரிக்கும் உரிமை எனக்கு இல்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கங்காவை உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று நீங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாவிட்டாலும் தெரியும். காலமான உங்கள் கணவருக்கும், எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்த வேலம்மாவுக்கும் பிறந்தவள். வேலம்மா இறந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. அன்றிலிருந்து என்னோடுதான் இருந்தாள். இப்போது இருபத்தேழு. திரிங்காப்பில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ரெங்கசாமியின் மகன் திருமாறனுக்கு அவளைப் பேசி முடித்தோம். மே மாதம் திருமணம் பதியப் போனோம். பதிவு அலுவலக முகப்பிலிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். கங்காவின் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "தகப்பனார் முஸ்லிம். அப்படியென்றால் நீங்களும் முஸ்லிம். இங்கே பதிய முடியாது. இஸ்லாமிய சமய இலாகாவில் கேளுங்கள்" என்று சொல்லிக் காகிதங்களைத் திருப்பித் தந்துவிட்டாள்.

அந்தப் பத்திரத்தில் தகப்பன் பெயரை எழுதியவள் நான். தேர்வில் எந்தக் கேள்வியையும் காலியாக விடாதீர்கள், தெரியாவிட்டாலும் எதையாவது எழுதுங்கள், அரை மதிப்பெண்ணாவது கிடைக்கும் என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவள். கங்கா பிறந்தபோது வேலம்மாவுக்காகப் பாரத்தை நிரப்பினேன். தகப்பன் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று பிறப்புப் பதியும் கிளார்க் சொல்லியும் கேட்கவில்லை. நாளை பள்ளியில் பிள்ளை தலைகுனியக் கூடாது என்று உங்கள் கணவரைத் தானா ராத்தா பதிவு அலுவலகத்துக்கு வரவழைத்துக் கையெழுத்துப் போட வைத்தேன். இது உங்களுக்கு இன்றுதான் தெரியும் என்று நினைக்கிறேன். மன்னியுங்கள்.

பதிவுத் தாள் இல்லாமல் கோயிலில் தாலி கட்ட விடவில்லை. கங்கா அப்போதே கர்ப்பமாக இருந்தாள். ரெங்கசாமி தன் தோட்டத்து முனீஸ்வரர் முன்னால் தாலி கட்ட வைத்துவிட்டார். இப்போது ஐந்தாம் மாதம். சட்டத்தின் கண்ணுக்கு அவள், திருமணமாகாமல் ஓர் இந்து ஆணோடு வசிக்கும் முஸ்லிம் பெண். யார் வேண்டுமானாலும் சமய இலாகாவில் புகார் கொடுக்கலாம், அவர்கள் வந்து பிடித்துப் போகலாம். அது அவளுக்குத் தெரியும்.

ஈப்போவில் திலகம் என்ற வக்கீலைப் பார்த்தோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சர், தாய் தகப்பன் கல்யாணமே செஞ்சுக்கலேன்னா கதை வேற. பிள்ளை தாய் பக்கம்தான். கூட்டரசு நீதிமன்றம் முன்ன ஒரு பொண்ணுக்கு அப்படித் தீர்ப்பு சொல்லியிருக்கு. ஆனா கல்யாணம் நடக்கலேன்னு நாம காட்டணும்."

"நடந்ததைக் காட்டலாம். நடக்காததை எப்படிம்மா காட்டுறது?"

"அவர் வீட்டு ஆளு யாராச்சும் சத்தியம் பண்ணிச் சொல்லணும். சம்சாரம் இருக்காங்களா?"

இருக்கிறார் என்றேன். மேலே எழுதக் கை வரவில்லை.

நவமணி

*

பிரிஞ்சாங்,
12 செப்டம்பர்

நவமணி டீச்சருக்கு தாஹிரா எழுதுவது.

உங்களைப் போல உதாரணம் சொல்லி எழுத எனக்கு வராது. ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஞாபகம் நன்றாக இருக்கிறது.

எங்க வீட்டு அவங்க மவுத்தான அன்று, ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன்னால், நீங்கள் வேலம்மாவையும் அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றீர்கள். நான் உள்ளே விடவில்லை. நாற்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நீங்கள், "தாஹிரா, இவ அவருக்கு முறையா கட்டுன மனைவி. நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் போய் நிக்காஹ் செஞ்சுக்கிட்டாங்க. வெளிய நிறுத்தாத" என்றீர்கள். அப்போது ரிதுவானுக்குப் பதினெட்டு வயது. என் பக்கத்தில் நின்றான். ஃபாராவுக்கு ஒன்பது. இரண்டு பேருக்கும் நீங்கள்தான் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். டீச்சர் சொன்னால் அது உண்மை என்று நம்பிய பிள்ளைகள்.

இன்று அதே வாயால், நிக்காஹ் நடக்கவில்லை என்று என்னைச் சத்தியம் செய்யச் சொல்கிறீர்கள். இரண்டில் எது பொய்?

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தப் பெண் எங்கள் மார்க்கத்தில் இருந்தால் அவளுக்கு என்ன கெட்டுப்போகும்? எங்களைப் பார்த்து ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள்? என் வீட்டில் எத்தனை நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறீர்கள். ஒரு நாளாவது உங்களை எதற்காவது வற்புறுத்தினேனா?

டிசம்பரில் ஃபாராவின் நிக்காஹ். மாப்பிள்ளை வீடு தெலுக் இந்தான். நல்ல இடம். இந்த நேரத்தில் நாகப்பன் கையில் எதையும் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

தாஹிரா

*

கீழ்லயம்,
15 செப்டம்பர்

அன்புள்ள தாஹிராவுக்கு,

வேண்டாம் என்று எழுதியும் அனுப்புகிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓர் ஆசிரியை இருக்கக் கூடாது.

அன்று வாசலில் சொன்னதுதான் பொய். வேலம்மா கழுத்தில் இருந்த மஞ்சள் கயிறு அவளே வாங்கியது. தானா ராத்தா கடையில் நானும் கூட இருந்தேன். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டதற்கு "அக்காவுக்கு" என்றாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் தானே கட்டிக்கொண்டாள். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் ஜாடையாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். எல்லையும் கிடையாது, நிக்காஹும் கிடையாது. அன்று வெயிலில் அந்தப் பதினோரு வயதுப் பிள்ளை செருப்பில்லாமல் நின்றது. பொய் சொன்னால் கதவு திறக்கும் என்று நினைத்தேன். திறக்கவில்லை. பொய் மட்டும் மிஞ்சியது. அன்று அங்கே இருந்த நாற்பது பேரில் யாராவது ஒருவர் நீதிமன்றத்தில் வந்து, "டீச்சரே சொன்னாங்க" என்று சொன்னால் கங்காவின் கதை முடிந்துவிடும். இதை வக்கீலிடம் சொல்லி அழுதேன். "நீங்க உங்க பொய்யை ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுங்க டீச்சர். ஆனா உங்க பேச்சு மட்டும் போதாது. ஒரு தடவை மாத்திப் பேசுனவங்க" என்றார். அது நியாயம்தான்.

உங்கள் மார்க்கத்தைப் பார்த்துப் பயமா என்று கேட்டீர்கள். இல்லை. உங்கள் நோன்புக் கஞ்சியின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. திருமணத்தைப் பற்றி நீங்கள் நம்புவதைக் காக்க ஒரு சட்டம் இருக்கிறது. நாங்கள் நம்புவதைக் காக்க வேறொன்று. இரண்டும் வேண்டும் என்றுதான் வகுப்பிலும் சொல்வேன். ஆனால் மழையில் இரண்டு பேர் குடை பிடித்துப் போகும்போது நடுவில் ஒரு பிள்ளை குடையில்லாமல் நடந்தால் என்ன ஆகும்? இரண்டு குடையின் தண்ணீரும் அதன் தலையில்தான் வடியும். மழையில் தனியாக நடப்பவனைவிட அது அதிகம் நனையும். கங்கா அப்படித்தான் நனைகிறாள். அவளாக விரும்பி உங்களிடம் வந்தால் நானே கொண்டுவந்து விடுவேன். அவளுக்குத் தெரிந்த கடவுள் வேறு. அவள் தாய் கும்பிட்டது. நான் எழுதிய ஒரு கட்டத்துக்காக அவள் மாற வேண்டுமா?

அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்கிறேன். திருமாறனின் சட்டைகளை வீட்டில் வைக்க விடுவதில்லை. அவன் பூக்கட்டும் கொட்டகையில் படுக்கிறான். சாப்பாடு மட்டும் வீட்டில், அதுவும் மாமனார் கூட இருக்கும்போது. மண் பாதையில் மோட்டார் சத்தம் கேட்டால் பின்கதவைப் பார்க்கிறாள். பிள்ளை பிறந்தால் பாரத்தில் என்ன எழுதுவார்கள் என்று என்னைக் கேட்டாள்.

நவமணி

*

பிரிஞ்சாங்,
27 செப்டம்பர்

டீச்சருக்கு,

பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அரிசி டின்னில் வைத்திருக்கிறேன். தினமும் அரிசி அளக்கும்போது கையில் படுகிறது.

நீங்கள் சொன்னது பொய் என்று எனக்கு அன்றே தெரியும்.

மவுத்துக்கு நான்கு நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் அவங்க என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாங்க. "தாஹிரா, அவள நான் நிக்காஹ் செய்யல. செய்றேன் செய்றேன்னு சொல்லி ஏமாத்திட்டேன். உன்னையும் ஏமாத்திட்டேன். ரெண்டு பேரும் என்னை மன்னிக்கணும்." டீ ஊற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

வாசலில் நீங்கள் நிக்காஹ் என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது போல நின்றேன். உள்ளே வேறொன்று. டீச்சர் சொன்னது அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது. ஊர் பேசும்போது, "இரண்டாம் தாரம்" என்று பேசும். அது வலிக்கும், ஆனால் பாவம் இல்லை. அவங்க பேர் நிற்கும். பதினாறு வருஷம் உங்கள் பொய்யின் நிழலில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். உங்களோடு பேசாமல் இருந்தது அதனால்தான். பேசினால் உண்மை வந்துவிடும்.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். மவுத்தானவர்களின் குறையை மூடி வைக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அவங்க என்னை நம்பிச் சொன்னதை வக்கீல் ஆபீசில் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாளை அல்லாஹ்விடம் என்ன சொல்வேன்? என் ஒரு வார்த்தையால் ஒரு பெண் தீனுக்கு, எங்கள் மார்க்கத்துக்கு, வெளியே போனாள் என்றால் அந்தக் கணக்கு யார் தலையில்? நீங்கள் இதைச் சிறிதாக நினைக்கக் கூடாது. எனக்குச் சட்டத்தைவிட இந்தப் பயம்தான் பெரிது.

ஈப்போ போனபோது ஓதிக் கொடுக்கும் ஒரு பெரியவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். நிக்காஹ் இல்லாமல் பிறந்த பிள்ளை தாயோடு சேர்ந்தது என்றார். சாட்சி சொல்ல வேண்டிய இடத்தில் மறைப்பதும் பாவம்தான் என்றார். "யாருக்கும்மா இது?" என்று கேட்டார். தெரிந்தவர்களுக்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சமய இலாகாவில் வேலை செய்பவர் ஒருவர் தினமும் நம் கடையில்தான் பசியாறுவார். நல்ல மனிதர். மகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார். நேற்று அவருக்குத் தே தாரிக் வைக்கும்போது தேநீரை மேசையெல்லாம் கொட்டிவிட்டேன். "மாக்சிக், காய்ச்சலா?" என்று சொந்த அத்தையைக் கேட்பதுபோல் கேட்டார். துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன். கங்கா எப்படி இருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்களே, அது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஃபாராவின் நிக்காஹ் முடியட்டும். ஜனவரியில் கேளுங்கள்.

தாஹிரா

*

தானா ராத்தா ஆஸ்பத்திரி,
30 செப்டம்பர்

தாஹிரா,

ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

இன்று மதியம் திரிங்காப் தோட்டத்துக்கு இரண்டு பேர் காரில் வந்தார்கள். கையில் கோப்பு. ரெங்கசாமி கீழே லோரியில் பூ ஏற்றிக்கொண்டிருந்தார், நானும் அங்கேதான் நின்றேன். கங்கா அவர்களை ஜன்னலில் பார்த்திருக்கிறாள். பின்கதவால் இறங்கி, பூக்கொட்டகைகளுக்கு நடுவில் சரிவில் ஓடியிருக்கிறாள். மழைக்கு ஊறிய மண். விழுந்துவிட்டாள். ரத்தம் போனது.

வந்தவர்கள் மருந்து அடித்த பூவில் மாதிரி எடுக்க வந்த விவசாய இலாகா ஆட்கள். அவர்கள் காரிலேயேதான் அவளை இங்கே கொண்டுவந்தோம். வழி முழுக்க அவர்களில் ஒருவர், மெதுவா, மெதுவா என்று ஓட்டியவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

முகப்பில் கணவர் யார் என்று கேட்டார்கள். திருமாறன் என்னைப் பார்த்தான். பிறகு, "நான் அவங்க அண்ணன்" என்றான்.

குழந்தைக்கு இதயத் துடிப்பு இருக்கிறது. படுத்தே இருக்க வேண்டும் என்கிறார்கள். பிரசவம் ஜனவரியில். அதற்கு முன் வழக்கைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறார் வக்கீல்.

உங்களை அவசரப்படுத்த இதை எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உங்கள் பயம் பெரிது என்று எழுதினீர்கள். அதைச் சிறிதாக நினைக்கவில்லை. இனி உங்களைக் கேட்க மாட்டேன்.

நவமணி

*

பிரிஞ்சாங்,
3 அக்டோபர்

டீச்சருக்கு,

என்றைக்கு வர வேண்டும் என்று வக்கீலம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

ரிதுவானிடம் சொல்லிவிட்டேன். கடை சாத்தும் நாள் பார்த்து, இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். கண்ணீர் வந்தாலும் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தான்.

"அத்தா பேரை கோர்ட்டுல இழுக்கப் போறீங்களா?"

"அத்தா சொன்னதைச் சொல்லப் போறேன்."

"உம்மா, அந்தப் புள்ள என் தங்கச்சி. டீச்சர் சொன்ன நாள்லேர்ந்து மனசுல தங்கச்சின்னுதான் வெச்சிருக்கேன். போய்ப் பேசல, அது என் தப்பு. ஆனா தங்கச்சிய தீன விட்டு வெளிய அனுப்ப நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

அவன் கேட்டதில் தவறு இல்லை டீச்சர். நானும் அதைத்தான் பன்னிரண்டு நாள் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். நான் சொன்னேன், "உள்ள இருந்தாத்தானேப்பா வெளிய அனுப்ப? அவ உள்ள வந்ததே இல்ல. நான் அன்னைக்கு வாசல்லயே நிறுத்திட்டேன்."

அவன் வெங்காயத் தோலைக் கையால் கூட்டிக் குவித்தான்.

"உன் தங்கச்சி வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சரிவுல ஓடி விழுந்திருக்கா. புலியப் பாத்து இல்ல. நம்மள மாதிரி ஆளுங்கன்னு நெனச்சு."

கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு, "ஃபாரா கல்யாணம் என்ன ஆகும்லா?" என்றான். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது. நேற்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. வேலையெல்லாம் செய்கிறான். பேச்சு மட்டும் இல்லை.

வக்கீலம்மாவிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். தாளில் வேலம்மாவைப் பற்றி அசிங்கமாக ஒரு வார்த்தையும் இருக்கக் கூடாது. ஏமாந்தவள் என்று எழுதினால் போதும். அவளும் நானும் ஒரே ஆளிடம்தான் ஏமாந்தோம்.

தாஹிரா

*

பிரிஞ்சாங்,
18 அக்டோபர்

டீச்சருக்கு,

இரண்டு சாட்சிகளும் சேர்ந்து போகக் கூடாது என்று வக்கீலம்மா உங்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், நடந்ததை எழுதுகிறேன்.

ரிதுவான்தான் கார் ஓட்டினான். மலையடிவாரத்தில் சிம்பாங் பூலாய் இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை. ஈப்போ வந்ததும், தெலுக் இந்தானுக்குத் தானே போன் செய்து மாப்பிள்ளை வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னான். நாளைக்கு வேறு யார் வாயிலிருந்தும் அவர்கள் கேட்கக் கூடாதாம். அவர்கள், "யோசிச்சுச் சொல்றோம்" என்றார்களாம். இன்றுவரை சொல்லவில்லை. போன் அடித்தால் ஃபாரா எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறாள். ரிதுவான் மாடியிலிருந்த வக்கீல் ஆபீசுக்கு வரவில்லை. காரிலேயே உட்கார்ந்திருந்தான்.

சத்தியம் வாங்குபவர் வயதான சீனர். நான் புரிந்துதான் கையெழுத்துப் போடுகிறேனா என்று கேட்டார். வக்கீலம்மா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். என் கணவருக்கும் வேலம்மா என்பவருக்கும் எந்த நாளிலும், எந்த முறைப்படியும் திருமணம் நடக்கவில்லை. இதை என் கணவரே என்னிடம் சொன்னார். வேலம்மா என் கணவரின் மனைவி அல்ல. அவள் பிள்ளைக்கும் எனக்கும் எந்த உறவுமுறையும் கிடையாது. இந்தக் கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் நின்றேன். இருக்க வேண்டுமா என்று கேட்டேன். இருந்தால் நல்லது என்றார். போட்டேன். பேனா நன்றாகத்தான் எழுதியது. எனக்குத்தான் என் பெயரை முடிக்க நேரம் ஆனது.

வழக்கு ஜனவரிக்கு முன்னால் எடுபடுமா என்று கேட்டேன். முயற்சி செய்கிறேன் என்றார். சமய இலாகாவின் வக்கீலும் வருவாராம், என்னைக் கேள்வி கேட்பாராம். அவர் தன் வேலையைச் செய்வார். அதற்கும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

வெளியே வந்தால் பெஞ்சில் கங்கா உட்கார்ந்திருந்தாள். அவளும் கையெழுத்துப் போட வந்திருந்தாள். படுத்திருக்க வேண்டியவள், பின்சீட்டில் தலையணை போட்டுக் கூட்டிவந்திருக்கிறார்கள். நான் அவளைப் பார்த்துப் பதினாறு வருஷம். அவங்க நெற்றி அப்படியே இருக்கிறது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தாண்டிப் போய்விடலாம் என்று நடந்தேன்.

"பெரியம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

வேலம்மா சொல்லிக் கொடுத்திருப்பாள் போலிருக்கிறது. அப்படி ஒரு முறை இல்லை என்று அப்போதுதான் உள்ளே சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தேன். நான் திரும்பினேன். பாட்டிலை வாங்கிக் குடித்தேன். பக்கத்தில் உட்காரச் சொன்னாள், கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

காரில் ஏறிய பிறகுதான் பயம் வந்தது. அந்த வராந்தாவில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் தமிழர் போலத் தெரிந்தது. அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதும் நான் திரும்பியதும் யார் காதிலாவது விழுந்திருந்தால் அது வழக்குக்குக் கெடுதலா? வக்கீலம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். கெடுதல் என்றால், தீர்ப்பு வரும்வரை அவள் கூப்பிட்டாலும் திரும்பாமல் இருக்கப் பார்க்கிறேன்.

தாஹிரா